பூங்கா ஜிம்: எந்தக் கருவி வேலை வாங்குகிறது, எது சும்மா ஆடுகிறது

பூங்காவில் மஞ்சளும் நீலமும் பூசி நிற்கும் உடற்பயிற்சிக் கருவிகளுக்குக் கட்டணம் கிடையாது. சொல்லிக்கொடுக்க மாஸ்டரும் கிடையாது. சென்னை மாநகராட்சிப் பூங்காவானாலும் மற்ற ஊர்ப் பூங்காவானாலும் பெரும்பாலும் ஒரே செட்தான்: ஏர் வாக்கர், ட்விஸ்டர், தோள் சக்கரம், செஸ்ட் பிரஸ், எதிரில் இழுக்கும் கருவி, லெக் பிரஸ், சைக்கிள், கிராஸ் ட்ரெயினர், சிட்-அப் பலகை, இடமிருந்தால் ஒரு புல்-அப் பார். அந்த செட்டின் மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்கள் காத்திருந்து ஏறும் இரண்டு கருவிகள்தான் அங்கே ஆகக் குறைந்த பயன் தருபவை. சின்னப் பையன்கள் தொங்கி விளையாடும் பாரும், செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வைக்கிற சிமென்ட் பெஞ்சும்தான் உருப்படியானவை.

நடைக்கு நம்மிடம் குறைவில்லை. காலை ஐந்தரைக்கே பாதை நிரம்பிவிடுகிறது. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையையே ஒதுக்கியது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் நடை ஒரு பங்குதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதாவது பேச்சு வரும், பாட்டு வராது என்கிற வேகம். அதை நடை கொடுத்துவிடும். அதோடு வாரத்தில் 2 நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது அது. 65 வயதைத் தாண்டியவர்கள் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்த்துச் செய்ய வேண்டும். பத்து சுற்று நடந்தாலும் இந்த இரண்டும் நிறைவேறாது. ஆகவே இந்தக் கருவிகளை எடைபோட மூன்று கேள்விகள் போதும். தசைக்குச் சுமை ஏறுகிறதா? நாளாக ஆக அந்தச் சுமையைக் கூட்ட முடிகிறதா? ஏறி இறங்கும்போது விழாமல் இருக்க முடிகிறதா?

ஜிம்மில் இருக்கும் கருவியில் இரும்புத் தகடுகளும், எத்தனை கிலோ என்று குத்திவைக்க ஒரு பின்னும் இருக்கும். பூங்காக் கருவியில் அது இல்லை. திருடுபோகக் கூடாது, விரல் நசுங்கக் கூடாது என்று யோசித்துச் செய்த அமைப்பு. கைப்பிடியைத் தள்ளினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையே மேலே எழும்பும். உங்கள் எடைதான் சுமை. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பதோ வேறு. 85 கிலோ எடையும் பலவீனமான கைகளும் உள்ள 60 வயதுப் பெண்ணுக்கு ஒரு தள்ளல்கூட வராது. 52 கிலோ கல்லூரி மாணவன் முப்பது தள்ளிவிட்டு அலுத்துப்போய் எழுந்துவிடுவான். பலம் குறைந்தவருக்கு அதிகச் சுமை, பலம் உள்ளவருக்குக் குறைந்த சுமை என்று தலைகீழாக வந்து நிற்கிறது.

இந்த வகைக் கருவிகள் சீனாவிலிருந்து பரவியவை. 1995-இல் அங்கே தொடங்கிய தேசிய உடற்பயிற்சித் திட்டத்தை ஒட்டித் தெருமுனைகளிலும் குடியிருப்புகளிலும் நிறுவப்பட்டன. முதியவர்கள் மூட்டை அசைத்துக்கொள்ளவே அவற்றில் பாதி உதவும். நம் ஊரில் அதையே ‘ஜிம்’ என்று பெயர்வைத்துத் தொப்பை குறைய ஏறுகிறோம். இன்னொன்று: வெளிப்புற உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 16630, 140 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. நம் பூங்காவில் அதிகம் ஏறுவது அவர்கள்தான்.

ஏர் வாக்கரில் எப்போதும் கூட்டம். இரண்டு பலகைகள் மேலிருந்து தொங்குகின்றன. ஏறி நின்று காலை முன்னும் பின்னும் வீச வேண்டியதுதான். பேரிங் நன்றாக இருந்தால் ஊஞ்சல் மாதிரி தானாகவே போய்வரும், தொடைக்கு வேலையே இல்லை. பத்து நிமிடம் ஆடினாலும் மூச்சு வாங்காது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். மூட்டுத் தேய்மானத்தால் நடக்கவே வலிப்பவர்களுக்கு முழங்காலை அழுத்தாமல் இடுப்பு மூட்டை அசைத்துக் கொடுக்கிறது, அந்த வகையில் சரி. வீச்சு சாதாரண நடையில் காலை எட்டிவைக்கும் தூரத்துக்குள் இருக்கட்டும். இளைஞர்கள் காலைக் கத்தரி போல விரித்து வீசுவதில் பிடித்துக்கொள்வது தொடையின் உட்புறத் தசையும் இடுப்புக்குக் கீழ் முதுகும்தான். பலகை நிற்பதற்கு முன்னால் இறங்குவது இன்னொரு வில்லங்கம். ஒரு கால் தரையில் இருக்கும், மற்றப் பலகை திரும்பிவந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். இரண்டு பலகையும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்வரை காத்திருந்து, கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். பின்னால் குழந்தை நிற்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே பாருங்கள். ஆடத் தொடங்கிய பின் திரும்பிப் பார்க்க முடியாது.

ட்விஸ்டரை விட்டுவிடலாம். சுழலும் தட்டில் நின்று இடுப்பை இடமும் வலமும் திருப்பினால் இடுப்புச் சதை கரையும் என்பது பூங்காவில் தலைமுறையாக ஓடும் நம்பிக்கை. ஓர் இடத்துத் தசையை அசைப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து கணுக்களும் திரும்பவென்று அமைந்தவை அல்ல. ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான் சுழலும். மீதித் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்தும் மார்புப் பகுதி முதுகிலிருந்தும் வர வேண்டும். தட்டோ வேகமாகச் சுழன்று, நிறுத்தும் வேலையைக் கீழ் முதுகின் தலையில் கட்டுகிறது. ஏற்கெனவே டிஸ்க் தொந்தரவோ எலும்புப்புரையோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் கைப்பிடியை இறுகப் பிடித்து, முழங்காலைச் சற்று மடக்கி, கடிகாரத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவு மட்டும் மெதுவாகத் திரும்புங்கள்.

தோள் சக்கரத்துக்கு நல்ல மதிப்பெண். இதில் வலு ஏறாது. ஆனால் தோள் இறுகிப்போனவர்களுக்கு, குறிப்பாக 40 முதல் 60 வயதுக்குள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வருகிற தோள் இறுக்கத்துக்கு, காசில்லாத பிசியோதெரபி இது. சக்கரத்தை நேராகப் பார்த்தும் நிற்கலாம், பக்கவாட்டிலும் நிற்கலாம். பக்கவாட்டில் நின்றால் வீச்சு அதிகம். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே வட்டத்தை நிறுத்தி, ஒரு திசையில் 10, எதிர்த்திசையில் 10. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு சுற்றினால் கழுத்துத்தான் வலிக்கும். வலிக்கிற கை எட்டவில்லை என்று உடம்பையே சாய்த்துச் சுற்றுவதும் வீண்.

செஸ்ட் பிரஸ்ஸின் குறை உயரம். இருக்கையை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. உட்கார்ந்தால் கைப்பிடி மார்பின் நடுவுக்கு வர வேண்டும். குள்ளமானவர்களுக்கு அது தோள்மட்டத்துக்கோ கழுத்துக்கோ வந்துவிடுகிறது. அப்படியே தள்ளினால் தோள் மூட்டின் மேல்புறத்தில் தசைநாண் நசுங்கும். அப்படி இருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு இல்லை. உயரம் சரியாக அமைந்தவர்கள் முழங்கைகளை உடம்பிலிருந்து 45 டிகிரி விலக்கி, இரண்டு வினாடியில் தள்ளி, நான்கு வினாடியில் திரும்பலாம். சுமை அதிகமாகத் தெரிந்தால் பாதங்களைத் தரையில் ஊன்றிக் கால்களாலும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளுங்கள். எதிரில் இருக்கும் இழுக்கும் கருவியிலும் இதே கணக்கு. அங்கே பொதுவான தப்பு, இழுத்தபின் டபக்கென்று விட்டுவிடுவது. இருக்கை கீழே மோதும் அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. ரப்பர் தடுப்பு தேய்ந்துபோன கருவியில் இன்னும் மோசம்.

லெக் பிரஸ்ஸில் உட்கார்ந்து எதிரே உள்ள பலகையை மிதித்தால் இருக்கை பின்னோக்கி எழும்பும். பார்க்கக் கனமான வேலை மாதிரி இருக்கும். உண்மையில் உங்கள் எடையில் ஒரு பகுதிதான் தொடைக்கு வருகிறது. பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே உள்ளது போக மொத்த எடையையும் கால்கள் தூக்குகின்றன. ஆகவே பெஞ்சிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறவருக்கு லெக் பிரஸ் ஒரு படி கீழே. எழ முடியாதவருக்கோ அது அருமையான தொடக்கம். முழங்காலை 90 டிகிரிக்கு மேல் மடக்காமல், நீட்டும்போது கடைசியில் ‘டக்’ என்று பூட்டாமல், 10 முறை. இரண்டு காலால் 15 சுலபமாக வந்துவிட்டால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். இந்த செட்டில் சுமையைச் சட்டென்று இரண்டு மடங்காக்க முடிகிற கருவி இது ஒன்றுதான்.

சைக்கிளும் கிராஸ் ட்ரெயினரும் எதிர்ப்பில்லாமல் சுழல்பவை. நடப்பவருக்கு அவை தேவையில்லை.

சிட்-அப் பலகை தலை கீழாகச் சாய்ந்து, பாதத்தைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்படி இருக்கும். கால் மாட்டப்பட்ட நிலையில் எழும்போது வயிற்றைவிட இடுப்பை மடக்கும் தசைகள்தான் இழுக்கின்றன, கீழ் முதுகில் சுமை ஏறுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்த ஆண்களுக்கும், முன்னோக்கி வளைந்து வளைந்து எழுவதில் முதுகெலும்புக் கணு நசுங்கி உடையும் ஆபத்து உண்டு. பி.பி. கட்டுக்குள் இல்லாதவர்களும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழாகப் படுக்கவே கூடாது. வயிற்றுக்கு வேண்டுமென்றால் பெஞ்சின் இருக்கையில் இரு முன்னங்கைகளை ஊன்றி, தலை முதல் குதிகால் வரை நேர்கோடாக 20 வினாடி நில்லுங்கள். இடுப்பு தொங்கத் தொடங்கினால் அன்றைய கணக்கு முடிந்தது.

இனி பார். முழு புல்-அப் எடுக்க முடியவில்லை என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் சும்மா தொங்குவது: பாதம் தரையை உரசும்படி 10 வினாடி, பிறகு 30 வினாடி. அடுத்தது, இடுப்பளவு உயரத்தில் உள்ள குறுக்குக் கம்பியைப் பிடித்து, கால்களை முன்னால் நீட்டி, உடம்பைச் சாய்த்து, மார்பைக் கம்பிக்கு இழுப்பது. பாதத்தை முன்னே தள்ளத் தள்ளச் சுமை கூடும். அடி அடியாகக் கூட்ட இவ்வளவு எளிய ஏற்பாடு வேறெதிலும் இல்லை. கூன் விழுந்த மேசை வேலைக்காரர்களுக்கு இதைவிட நல்லது அந்தப் பூங்காவில் கிடையாது. மூன்றாவது, ஒரு மேடையில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு ஐந்து வினாடி எடுத்து இறங்குவது. இதை 5 முறை கட்டுப்பாடாகச் செய்ய முடிந்தால் முதல் புல்-அப் வெகு தூரத்தில் இல்லை. 55 வயதுக்கு மேல் குதித்துப் பிடிப்பதும் குதித்து இறங்குவதும் வேண்டாம், கால்வைக்க ஒரு படி இருக்க வேண்டும். தோளுக்கு மேல் கை தூக்கினாலே வலிப்பவர்களுக்கு சாய்ந்து இழுப்பது மட்டும் போதும்.

பெஞ்ச் முழுச் சோதனைக்கூடம். முழங்கால் மட்டத்தில், ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் உயரமுள்ள இருக்கையில் உட்காருங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் முதியோர் விழும் ஆபத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்துகிறது. 60–64 வயதில் ஆணுக்கு 14-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 70–74-இல் 12, 10; 80–84-இல் 10, 9. கையூன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். அவர்கள் பெஞ்சை விட்டு, செடிப்பாத்தியைச் சுற்றியிருக்கும் 50–55 சென்டிமீட்டர் சுவர் போல உயரமான ஓர் இடத்தில் தொடங்கலாம்.

இதையே பயிற்சியாக்க: விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது மூன்று வினாடி. ‘தொப்’பென்று விழுந்தால் பாதிப் பயன் போயிற்று, வலு கூடுவதில் இறங்கும் பாதிக்கும் பங்கு உண்டு. முழங்கால்கள் உள்நோக்கி ஒன்றையொன்று முட்டப் போனால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனம் என்று பொருள். முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேரில் போகட்டும். 10 முறை எளிதானதும் இரண்டு லிட்டர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எளிதானால் ஒரு பாதத்தை முன்னே வைத்துப் பின்காலால் எழுங்கள். தோப்புக்கரணம் போட்டுப் பழகிய உடம்புக்கு இது புதிதல்ல, விட்டுப்போனதைப் பிடிப்பதுதான்.

தண்டாலும் இங்கேயே. தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் சுமார் 64 சதவீதம் கைகளுக்கு வருகிறது. கைகளை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55, 60 சென்டிமீட்டரில் 41. பெஞ்சின் முதுகுச் சாய்மானத்தில் தொடங்கி, இருக்கைக்கு இறங்கி, படிக்கு இறங்கி, கடைசியில் தரைக்கு வாருங்கள். ஒவ்வோர் உயரத்திலும் 12 சுத்தமாக வந்தபின் அடுத்தது. செஸ்ட் பிரஸ் கொடுக்க முடியாத படிப்படியான ஏற்றம் இதில் தானாக வந்துவிடுகிறது.

30, 40 வயதுக்காரர்கள் பெஞ்ச் எழுதல் அல்லது பஸ்கி, தண்டால், சாய்ந்து இழுப்பது, படியேற்றம் ஆகிய நான்கையும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு என்று செய்தால் இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். வாரம் 2 நாள், இடையே ஒரு நாளாவது விட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ‘இன்னும் இரண்டுதான் வரும்’ என்ற இடத்தில் நிறுத்துங்கள். இந்த வயதில் ஆட்கள் கெடுத்துக்கொள்வது முதல் வாரத்தில்தான்: முதல் நாளே ஐந்து சுற்று போட்டு, மூன்று நாள் படி இறங்க முடியாமல், அத்தோடு விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு சுற்று.

50-களில் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற கையோடு எலும்பு வேகமாக இளைக்கிறது. அதற்கு ஆடும் கருவிகள் எதுவும் செய்யாது, சுமைதான் செய்யும். 15–20 சென்டிமீட்டர் படியில் ஏறி இறங்குவதை ஒவ்வொரு காலுக்கும் 10 சேருங்கள். ஏறும்போது தரையில் இருக்கும் காலால் எம்பாமல், மேலே வைத்த குதிகாலை அழுத்தி எழ வேண்டும். கீழிருந்து எம்புவதுதான் எல்லோரும் செய்கிற திருட்டு. முழங்கால் லேசாக வலித்து 24 மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். வீங்கினாலோ மறுநாளும் வலித்தாலோ படியின் உயரத்தைக் குறையுங்கள்.

65-க்கு மேல் சமநிலை முன்னால் வரட்டும், களைப்பு ஏறுவதற்கு முன்பே. ஆளில்லாத ஏர் வாக்கரின் அசையாத சட்டம் இதற்கு நல்ல பிடி. அதன் பலகைகளில் ஏறாமல், பக்கத்தில் தரையில் நின்று, ஒரு குதிகாலை மற்றக் காலின் விரலுக்கு முன்னால் ஒட்டிவைத்து 10 வினாடி. அது சுலபமானால் ஒற்றைக் காலில் 10 வினாடி, கையைச் சட்டத்துக்குச் சற்று மேலே, அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு. பிறகு பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 15. பிறகு பெஞ்ச். 80 வயதுக்காரருக்கு பெஞ்ச் எழுதல் 5, சட்டத்தில் சமநிலை, தோள் சக்கரம், இவ்வளவு போதும். கூட ஓர் ஆள் நிற்கட்டும்.

வெறும் வயிற்றில் வரும் பழக்கம் நம்மிடம் பலமானது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் அப்படி வரக் கூடாது. சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழமோ இரண்டு மூன்று பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் செருப்போடு இந்தக் கருவிகளில் ஏற வேண்டாம், ஷூ தேவை. பி.பி. 180/110-ஐத் தாண்டிய நாளில் கருவிப் பக்கம் போகாமல் டாக்டரைப் பாருங்கள். மற்ற நாளிலும் மூச்சைப் பிடித்துத் தள்ளக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். நெஞ்சு இறுகினாலோ தாடைக்கோ இடக் கைக்கோ வலி பரவினாலோ உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

ஏறுவதற்கு முன் அரை நிமிடம் கருவியைப் பாருங்கள். கம்பத்தைப் பிடித்து உலுக்கினால் அடித்தளம் ஆடுகிறதா, போல்ட் தலைகள் இருக்கின்றனவா, ரப்பர் தடுப்பு மிச்சமிருக்கிறதா, அசைக்கும்போது ‘கடக் கடக்’ என்று பேரிங் பேசுகிறதா. தரையோடு சேரும் இடத்தில் பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கிறது. மழை பெய்த காலையில் மிதிபலகைகள் வழுக்கும். மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் கம்பியைத் தொடவே முடியாது.

சென்னையில் உடைந்த கருவிக்கு மாநகராட்சியின் 1913-இல் புகார் கொடுக்கலாம். பூங்காவின் பெயரோடு எந்தக் கருவி, எந்தப் பாகம் என்று சொன்னால் வரும் ஆளுக்குப் புரியும். புது செட் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் கவுன்சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இரண்டாவது ட்விஸ்டருக்குப் பதிலாக இடுப்புயரத்தில் ஒன்றும் தலைக்கு மேலே ஒன்றுமாக இரண்டு கம்பிகள், 15, 30 சென்டிமீட்டரில் கைப்பிடியுள்ள இரண்டு படிகள், கைவைத்த பெஞ்ச் ஒன்று. இவற்றில் பேரிங்கே கிடையாது, ரிப்பேரும் அநேகமாக வராது.